ஓசூர் மேட்டிலும் தருமபுரிச் சமவெளியிலும் வெள்ளிப்புல் வளர்க்கும் முறை

வெள்ளிப்புல் என்று இங்கே நான் குறிப்பிடுவது, நர்சரிக்காரர்கள் ‘மிஸ்காந்தஸ்’ என்றும் ‘சில்வர் கிராஸ்’ என்றும் சொல்லி விற்கும் மிஸ்காந்தஸ் சைனென்சிஸ் என்னும் அழகுப் புல்லை. சீனா, ஜப்பான், கொரியா, தைவான் ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளில் தானாக வளரும் இப்புல், அங்கே குளிர் விலகியதும் துளிர்த்து, கோடையில் ஆளுயரம் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் பூங்கதிர் விட்டு, பனிக்காலத்தில் வைக்கோல் நிறத்தில் காய்ந்து நின்றுவிடும். தரைக்கு மேலே உள்ள பகுதி ஆண்டுதோறும் மடிவதும், அடித்தூரிலிருந்து மறுபடி எழுவதும் அதன் இயல்பு. ஜப்பானில் இதை ‘சுசுகி’ என்பார்கள். இலையுதிர் கால முழுநிலவைக் கண்டு மகிழும் நாளில் இதன் கதிர்களைக் குவளையில் வைப்பதும், காய்ந்த தாளைக் கொண்டு கூரை வேய்வதும் அவர்களுடைய பழைய வழக்கம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் புல்லைத் தரைமட்டம் வரை காய வைக்கும் பனிக்காலம் கிடையாது. தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து மார்கழிக் குளிர்கூட வெள்ளிப்புல்லின் இலை நுனியைப் பழுக்கச் செய்யுமே தவிர, அதை உறங்க வைக்காது. இந்த உறக்கம் வாய்க்காமல் இரண்டு மூன்று ஆண்டுகள் விட்டுவிட்டால், பழைய இலையும் புதிய இலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுவில் காற்றுப் புகாத சிறிய வைக்கோற்போராக அது மாறிவிடும். அழகுக்காக வாங்கி வைத்த செடியை ‘புதர் மண்டிவிட்டது’ என்று வீட்டார் பிடுங்கி எறிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஆகவே அங்கே உறைபனி செய்யும் வேலையை இங்கே அரிவாள் செய்தாக வேண்டும். அதை எப்போது செய்வது என்பதும், தண்ணீரையும் உரத்தையும் எவ்வளவு கையடக்கிக் கொடுப்பது என்பதும் தெரிந்துவிட்டால், மற்ற வேலைகள் எளியவை.

நாணல் வேறு, வெள்ளிப்புல் வேறு

வெள்ளிப்புல்லின் படத்தைக் காட்டினால், ‘இது நாணல்தானே, தென்பெண்ணைப் படுகையில் வேண்டிய மட்டும் கிடக்கிறதே’ என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டும் கரும்பின் உறவுகள். நாணலுக்கும் கரும்புக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்றால், 1912ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் கரும்பையும் நாணலையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய கோ 205 என்னும் வகை, 1918இல் உழவர் கைக்கே வந்தது. பாலக்கோட்டுப் பக்கம் இன்று வயலில் நிற்கும் கரும்பிலும் நாணலின் இரத்தம் ஓடுகிறது.

ஆனாலும் ஆற்றங்கரையிலிருந்து நாணலைப் பெயர்த்து வந்து வீட்டுத் தோட்டத்தில் வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நாணல் மண்ணுக்கடியில் தண்டை ஓட்டிப் பத்தடி தள்ளி முளைக்கும். ஒருமுறை வேரூன்றினால் அதைக் களைவது கோரையைக் களைவதைவிடக் கடினம். வெள்ளிப்புல் அப்படி ஓடாது. நெல்லைப் போலவும் வெட்டிவேரைப் போலவும் இருந்த இடத்திலேயே தூர் கட்டி, ஆண்டுக்குச் சில அங்குலம் மட்டும் சுற்றளவில் பெருகும். பூவிலும் வேறுபாடு உண்டு. நாணலின் கதிர் ஒரே தண்டில் குறுகலாக நீண்டு, முற்றியதும் துண்டு துண்டாக உதிர்ந்து காற்றோடு போய்விடும். வெள்ளிப்புல்லின் கதிரோ கிட்டத்தட்ட ஓரிடத்திலிருந்து பல விரல்கள் பிரிந்தது போல விசிறியாக விரிந்து, விதை உதிர்ந்த பிறகும் எலும்புக்கூடு கெடாமல் மாதக்கணக்கில் நிற்கும். விரியும்போது செம்பழுப்பாகவோ வெளிர்சிவப்பாகவோ இருக்கும் கதிர், விதையைச் சுற்றியுள்ள மயிரிழைகள் மலர மலர வெள்ளியாக மாறும்.

எந்த ஊரில், எந்த இடத்தில்

இரண்டு மாவட்டங்களுக்கும் ஒரே விதியைச் சொல்ல முடியாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி நகரம் அதில் பாதி உயரத்தில்தான் இருக்கிறது. ரோஜாவுக்கு ஓசூர் ஏன் பெயர் பெற்றதோ, அதே குளிர்ந்த இரவுகள்தாம் வெள்ளிப்புல்லுக்கும் பொருந்தி வருகின்றன. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் முழு வெயிலில் வைத்தால் போதும். நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில் அதற்கு வேண்டும். கரும்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றைப் போல வெயிலை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் புல்வகை அது. தென்னை நிழலிலும் மாமரத்தடியிலும் வைத்தால் தாள் மெலிந்து நாற்புறமும் சாய்ந்து, பூக்காமலே காலத்தைக் கழிக்கும்.

காரிமங்கலம், தருமபுரி, அரூர் பக்கமுள்ளவர்கள் சற்றுக் குறைந்த எதிர்பார்ப்போடு தொடங்குவது நல்லது. சித்திரை வெயிலில் இலை நுனி கருகும். இரவு வெப்பம் தணியாத மாதங்களில் வளர்ச்சி தேங்கும். அங்கே பிற்பகல் 3 மணிக்கு மேல் சுவரின் நிழலோ மரத்தின் ஓர நிழலோ விழும் இடமாகப் பார்த்து வைத்தால், மழை தொடங்கியதும் புல் தேறிவிடுகிறது. தருமபுரியில் என் உறவினர் வீட்டில் நான் நட்டுக்கொடுத்த தூர், ஓசூர்த் தூரின் உயரத்தில் முக்கால் பங்குக்கு மேல் என்றுமே போனதில்லை, ஆனால் பூத்திருக்கிறது.

இடம் தேர்வதில் பலரும் கவனிக்கத் தவறுவது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை. வெள்ளிப்புல்லின் வெள்ளி அதன் நிறத்தில் இல்லை. மயிரிழைகளுக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த சூரியன் ஊடுருவும்போதுதான் அது தெரியும். உச்சி வெயிலில் பார்த்தால் சாயம் போன துணியைப் போலிருக்கும் அதே கதிர், மாலை ஐந்தரை மணிக்கு எதிர்வெளிச்சத்தில் ஒளிரும். ஆகவே நீங்கள் மாலையில் திண்ணையில் உட்காருபவர் என்றால், திண்ணைக்கு மேற்கே புல்லை வையுங்கள். காலையில் சமையலறைச் சன்னல் வழியே பார்ப்பவர் என்றால், சன்னலுக்குக் கிழக்கே வையுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அந்த அழகு முழுவதும் வீணாகும். கரும்பச்சை வேலியோ வெறும் வானமோ இருப்பது நலம்.

நடைபாதையிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி வைக்க வேண்டும். கரும்புச் சோகையைப் போலவே இதன் இலை விளிம்பிலும் மணற்சத்து ஏறிய நுண்ணிய ரம்பப் பற்கள் உண்டு. ஓடி விளையாடும் குழந்தைகளின் கன்னத்தையும் கையையும் கீறிவிடும். ஆடிக் காற்று நேராக வந்து மோதும் திறந்த மேட்டையும் தவிர்ப்பது நல்லது. முளைவிடும் தளிரை ஆடும் மாடும் விரும்பித் தின்னும் என்பதைக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலி இல்லாத இடத்தில் நடுவது தீவனம் வளர்ப்பதற்குச் சமம்.

வாங்கும்போது

ஓசூர்ப் பக்கத்து நர்சரிகளில் சில நேரம் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பெங்களூரு நர்சரிகளில் தேடிப் பார்க்கலாம். பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. நான் முதலில் வாங்கிய மூன்று பைகளில் ஒன்று, வளர்ந்து பூத்த பிறகு ஃபவுண்டன் கிராஸ் என்று தெரிந்தது; அதன் பூ நரிவால் போல உருண்டு வளைந்திருக்கும். பாம்பாஸ் கிராஸையும் இதே பெயரில் விற்பவர்கள் உண்டு. அதன் கதிர் பஞ்சுப் பொதி போலத் தடித்திருக்கும், இலை விளிம்பும் இன்னும் கூர்மையாக அறுக்கும். பூவில்லாத பருவத்தில் வாங்குபவர், இலையின் நடுவில் நீளவாக்கில் தெளிவான வெள்ளி நரம்பு ஓடுகிறதா, இலைகள் கரும்புத் தோகையைப் போலத் தண்டில் அடுக்கடுக்காகக் கிளம்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃபவுண்டன் கிராஸில் இலைகள் பெரும்பாலும் அடியிலிருந்தே கொத்தாகக் கிளம்பும்.

வகைகள் நூற்றுக்கு மேல் உண்டு என்றாலும், நம் பக்கம் கண்ணில் படுபவை சிலவே. ‘கிராசில்லிமஸ்’ மெல்லிய இலையும் ஐந்தடி உயரமும் கொண்ட பழைய வகை. தாமதமாகப் பூப்பது, குளிர்நாடுகளில் அதன் குறையாகச் சொல்லப்படுகிறது. நமக்கு வெயிற்காலத்துக்குப் பஞ்சமில்லாததால் அது குறையே அன்று. முதன்முதலாக வளர்ப்பவருக்கு நான் சொல்வதும் இதைத்தான். ‘மார்னிங் லைட்’ இலை ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் புல் முழுவதும் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். ‘ஜீப்ரைனஸ்’ வகையின் இலையில் குறுக்கே மஞ்சள் பட்டைகள் இருக்கும். இளந்தளிரில் அவை தெரியாமல் வெயில் ஏற ஏறத்தான் வெளிப்படும் என்பதால், புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று முதலிலும், நோய் வந்துவிட்டது என்று பிறகும் கவலைப்படுவார்கள், இரண்டும் இல்லை. அதே பட்டைகளோடு நிமிர்ந்து நிற்பது ‘ஸ்ட்ரிக்டஸ்’. இடம் குறைந்தவர்களுக்கு மூன்று முதல் நான்கு அடிக்குள் அடங்கும் ‘யாகு ஜிமா’, ‘அடாஜியோ’ போன்ற குட்டை வகைகள் ஏற்றவை.

விதையிலிருந்து வளர்க்க முயல வேண்டாம். பெயர் பெற்ற வகைகளின் விதை தாயைப் போலவே பிறப்பதில்லை. தூர் பிரித்த கன்றுதான் நம்பகமானது.

நடவு

நடுவதற்கு ஏற்ற காலம் ஆனி, ஆடி மாதங்கள்; தென்மேற்குப் பருவமழையின் தூறலில் வேர் பிடித்து, வடகிழக்குப் பருவமழைக்குள் தூர் திரண்டுவிடும். அதைத் தவறவிட்டவர்கள் புரட்டாசியில் நடலாம். தை முதல் வைகாசி வரை நடுவது, தண்ணீர் இருந்தாலும், செடிக்கும் நமக்கும் வீண் பாடு.

நம் மாவட்டங்களில் பரவலாக உள்ள செம்மண்ணும் சரளை கலந்த செவ்வல் மண்ணும் வெள்ளிப்புல்லுக்கு நன்றாகவே பொருந்தும். அதைப் ‘பண்படுத்த’ வேண்டும் என்று கூடை கூடையாக எருவைக் கொட்ட வேண்டியதில்லை. ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, ஒரு வாரம் வெயிலில் ஆறவிட்டு, எடுத்த மேல்மண்ணோடு நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு கூடையும் வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடியும் கலந்து நிரப்பினால் போதும். புண்ணாக்கைச் சேர்ப்பது உரத்துக்காக மட்டுமன்று. செம்மண்ணில் கறையான் தொல்லை அதிகம், காய்ந்த அடித்தாளை அது விட்டு வைப்பதில்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கரிசல் மண் உள்ளவர்கள் குழிக்குப் பதிலாகத் தரைக்கு மேல் ஓரடி உயர மேட்டை மணலும் செம்மண்ணும் கலந்து அமைத்து, அதன் உச்சியில் நட வேண்டும். வறட்சியைத் தாங்கும் இப்புல், அடைமழையில் வேர் ஊறி நிற்பதைத் தாங்காது. மண்ணைப் பற்றி ஐயம் இருந்தால், பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் மண் பரிசோதனை பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

பையைக் கிழித்ததும் வேர்கள் வட்டமாகச் சுற்றியிருந்தால், கத்தியால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் கீறிவிட வேண்டும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் தரையிலும் இருக்க வேண்டும்; ஆழமாகப் புதைத்தால் குருத்து அழுகும். உயர்ந்த வகைகளுக்கு நான்கடியும் குட்டை வகைகளுக்கு இரண்டரை அடியும் இடைவெளி விடுங்கள். முதல் ஆண்டில் இந்த இடைவெளி கண்ணை உறுத்தும் அளவுக்கு வெறுமையாகத் தெரியும். அதை நிரப்பக் கூடுதல் கன்றுகளை வாங்கி நெருக்கி நடுவதைவிட, இடையில் சாமந்தியோ கோழிக்கொண்டையோ போட்டுக்கொள்ளலாம். இராயக்கோட்டைப் பக்கத்தில் சாமந்தி நாற்றுக்கா பஞ்சம்?

தண்ணீரும் உரமும்

இந்த இடத்தில்தான் எங்கள் பக்கத்துக் கைகள் தவறு செய்கின்றன; நானும் விலக்கன்று. ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் சொட்டுநீரில் உரம் கரைத்து விட்டுப் பழகிய கை, வெள்ளிப்புல்லுக்கும் அதையே செய்யத் துடிக்கிறது. முதல் ஆண்டு நான் பதினைந்து நாளுக்கொரு முறை யூரியா கரைத்து ஊற்றினேன். புல் ஆறடிக்கு மேல் கரும்பச்சையாகக் கிளம்பியது, பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். ஐப்பசியில் முதல் கனமழை பெய்த இரவில் நடுவிலிருந்து பிளந்து, முட்டை உடைந்ததுபோல நான்கு பக்கமும் தரையோடு விழுந்தது. அந்த ஆண்டு மூன்றே கதிர்கள். தழைச்சத்து கூடினால் தாள் நீளுமே தவிர வலுக்காது, பூவும் தள்ளிப் போகும். இப்போது ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, அறுப்பு முடிந்த கையோடு, தூரைச் சுற்றி ஒரு சட்டி மட்கிய எரு மட்டும் போடுகிறேன். செயற்கை உரம் எதுவும் இல்லை.

தண்ணீர், நட்ட முதல் இரண்டு மாதங்களுக்கு மழை இல்லாத நாட்களில் மூன்று நாளுக்கொரு முறை. அதற்குப் பிறகு முதல் ஆண்டு முழுவதும் வாரம் ஒரு முறை, வேர் ஆழம் வரை இறங்கும்படி. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, எப்போதாவது நிறைய ஊற்றுவதே வேரை ஆழத்துக்கு இழுக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து ஓசூர்ப் பக்கம் மாசி முதல் வைகாசி வரை பத்து நாளுக்கொரு முறை தண்ணீர் விட்டால் போதும்; மழை மாதங்களில் தொட வேண்டாம். தருமபுரிப் பக்கம் கோடையில் வாரம் ஒருமுறை தேவைப்படும். இலை குழல்போலச் சுருளத் தொடங்குவதே தாகத்தின் அடையாளம். அதைப் பார்த்து ஊற்றினாலும் புல் பிழைத்துக்கொள்ளும்.

நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் தண்ணீரில் உப்பு அதிகம். சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்தால், அதே உப்பு வேரடியிலும் படிகிறது என்று பொருள். இலை நுனி மட்டும் பழுப்பாகிக் கொண்டே வந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் மேலும் அதே தண்ணீரை விடக் கூடாது. கூரையிலிருந்து விழும் மழைநீரை ஆண்டுக்குச் சில முறையாவது அந்தப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் உப்பு கீழே இறங்கிவிடும்.

மூடாக்குக்கு நிலக்கடலைத் தோலோ கேழ்வரகுத் தாளோ இரண்டங்குலக் கனத்துக்குப் பரப்பலாம். தூரை ஒட்டி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கறையான் அந்தப் பாலத்தின் வழியே தூருக்குள் ஏறிவிடும்.

பூங்கதிர் வெளிவரும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் நம் பக்கம் ஒன்றாகவே வந்து சேர்வது இப்புல்லுக்கு வாய்த்த ஊழ். புரட்டாசி முடிவதற்குள், தூரைச் சுற்றி முக்கால் உயரத்தில் அன்று, பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே, சணல் கயிற்றால் தளர்வாக ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள். இலைகள் அந்தக் கயிற்றை மறைத்துக்கொள்ளும். மேலே கட்டினால் துடைப்பம் போலாகிவிடும்.

அறுப்பு

ஓசூர் மேட்டில் அறுப்புக்கு உரிய காலம் மாசி மாதம், அதாவது பிப்ரவரிப் பிற்பகுதி. கதிர்கள் அதற்குள் வெளுத்து உதிரத் தொடங்கியிருக்கும். அடியில் புதுக்குருத்து இன்னும் நீண்டிருக்காது. பங்குனி வரை தள்ளிப் போட்டால், பழைய தாளோடு சேர்த்துப் புதிய குருத்தின் நுனியையும் வெட்டிவிடுவோம்; மொட்டையாக வெட்டுப்பட்ட அந்த இலை நுனிகள் ஆண்டு முழுவதும் அப்படியே நிற்கும். தருமபுரிச் சமவெளியில் எனக்கு இரண்டு கருத்து உண்டு. கோடை முழுவதும் தண்ணீர் விட வசதி உள்ளவர்கள் மாசியிலேயே அறுக்கலாம். கிணறு வற்றிவிடும் வீட்டுக்காரர்கள் பழைய தாளை அப்படியே விட்டு, அது தன் தூருக்குத் தானே நிழலாக நிற்கட்டும் என்று பொறுத்திருந்து, சித்திரை, வைகாசியில் கோடைமழை ஒன்றிரண்டு பெய்த பிறகு அறுப்பதே மேல். சில நுனிகள் வெட்டுப்படும். தூர் காய்ந்து சாவதற்கு அது எவ்வளவோ தேவலை.

அறுக்கும் முறை நெல் அறுப்பவருக்கும் கேழ்வரகு அறுப்பவருக்கும் புதிதன்று. முழுக்கைச் சட்டையும் கனமான கையுறையும் போட்டுக்கொண்டு, முதலில் ஒரு நீளக் கோலால் தூரை நாலா பக்கமும் தட்ட வேண்டும். பிறகு முழுத் தூரையும் இரண்டு இடங்களில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தரையிலிருந்து அரையடி உயரத்தில் கருக்கரிவாளால் சிறிது சிறிதாகப் பிடித்து அறுத்தால், வெட்டிய தாள் சிதறாமல் ஒரே கட்டாகக் கையில் வந்துவிடும். தரையோடு ஒட்ட அறுக்கக் கூடாது. அடுத்த குருத்துகள் அந்த அரையடிக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. மூன்று ஆண்டு முதிர்ந்த தூரின் தாள் மூங்கில் குச்சிபோல் இருக்கும் என்பதால் அரிவாளை நன்றாகத் தீட்டிக்கொள்வது அவசியம். அறுத்த தாளைச் சாணத்தோடு அடுக்கி மட்க வைக்கலாம். மாட்டுத் தொழுவத்தில் பரப்பலாம்.

பிரித்து நடுதல்

நான்காம் ஆண்டு வாக்கில் தூரின் நடுப்பகுதி செத்து, வெளிவட்டம் மட்டும் பச்சையாக வளையல்போல் நிற்கும். இது நோயன்று; முதுமை. ஆனி மாதத்தில், குருத்துகள் ஒரு சாண் உயரம் வந்த நேரத்தில், தூரைச் சுற்றி ஓரடி தள்ளிப் பள்ளம் எடுத்து, கடப்பாரையைக் கீழே கொடுத்து நெம்பி வெளியே எடுக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். எடுத்த தூரைக் கைமண்வெட்டியால் பிளக்க முடியாது. பழைய ரம்பமோ கோடரியோ தேவைப்படும். வெளிவட்டத்திலிருந்து ஐந்தாறு குருத்தும் வேரும் உள்ள துண்டுகளாக எடுத்துக்கொண்டு, நடுக்கட்டையை எறிந்துவிட வேண்டும். இலையைப் பாதியாகக் கத்தரித்து, வேர் வெயில் காணாமல் ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, அன்றைக்கே நட்டுவிடுங்கள். ஒரு தூரிலிருந்து எட்டுப் பத்துக் கன்றுகள் கிடைக்கும். அக்கம்பக்கத்தில் கொடுத்து உறவை வளர்த்துக்கொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

பூச்சி, பாம்பு, தீ

பூச்சிகளில் கவனிக்க வேண்டியது மாவுப்பூச்சி. இலை உறைக்கும் தண்டுக்கும் இடையில் ஒளிந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். வெளியிலிருந்து தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. காரணமில்லாமல் ஒரு தூர் குட்டையாக நின்று, எறும்பு வரிசை ஏறி இறங்கினால், அடியிலைகளில் ஒன்றை உரித்துப் பாருங்கள். வெள்ளை மாவு கண்ணில் பட்டால் தரையோடு அறுத்து எரித்துவிட்டு, புதுக்குருத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம். மறுபடியும் வந்தால் தூரையே தோண்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தூரைப் பிரித்து யாருக்கும் கொடுக்கக் கூடாது. மழை மாதங்களில் இலையில் துருவைப் போன்ற செம்புள்ளிகள் வருவதுண்டு. அந்த இலைகளை அகற்றி, தண்ணீரை இலைமேல் படாமல் அடியில் விட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பாம்பு வருமா என்பது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. எலி வளை பறித்த, பல ஆண்டு அறுக்காத எந்தப் புதருக்கும் பாம்பு வரும். வெள்ளிப்புல் அதற்கு விலக்கன்று. அறுப்பதற்கு முன் கோலால் தட்டச் சொன்னது இதற்காகத்தான். ஆண்டுதோறும் அறுத்து, அடியில் தரை தெரியும்படி வைத்திருந்தால் அச்சம் பெருமளவு குறையும். இருந்தாலும் வாசற்படிக்குப் பக்கத்திலும் குழந்தைகள் படுக்கும் அறையின் சன்னலுக்குக் கீழேயும் நான் நட மாட்டேன். தீயும் அப்படித்தான்: தை முதல் சித்திரை வரை காய்ந்த கதிர்களோடு நிற்கும் தூர் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் பந்தம். ஓலைக் கூரை, விறகடுப்பு, வைக்கோற்போர் ஆகியவற்றிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி இருக்கட்டும்.

காட்டோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வெள்ளிப்புல் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் தோட்டத்திலிருந்து தப்பி, சாலையோரங்களிலும் காட்டு விளிம்புகளிலும் பரவிய புல். நம் மலைகளை இன்று மூடிக் கிடக்கும் உண்ணிச்செடியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகத்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. அஞ்செட்டி, ஜவளகிரி, பென்னாகரம் போன்ற இடங்களில் காவிரி வனவிலங்கு சரணாலயங்களை ஒட்டி வீடோ தோட்டமோ வைத்திருப்பவர்கள், கதிர் வெள்ளியாக மாறி மயிரிழை உதிரத் தொடங்குவதற்கு முன்பே, அதாவது கார்த்திகைக்குள், எல்லாக் கதிர்களையும் கத்தரித்துவிட வேண்டும். இரண்டு வெவ்வேறு வகைகளை அருகருகே நட்டால் மகரந்தம் கலந்து விதை பிடிப்பது கூடும் என்பதால், அவர்கள் ஒரே வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கதிர்களை உலர்த்துதல்

கத்தரித்த கதிரை எறிந்துவிட வேண்டாம். உறையிலிருந்து முக்கால் பங்கு வெளிவந்து, இன்னும் பட்டுப்போல மினுங்கிக்கொண்டிருக்கும் கதிரை, பனி காய்ந்த பிறகு காலை பத்து மணி வாக்கில் இரண்டடிக் காம்போடு வெட்டுங்கள். பஞ்சாக விரிந்த பிறகு வெட்டினால் வீடெல்லாம் பறக்கும். இலைகளை உருவிவிட்டு, ஐந்தைந்தாகக் கட்டி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையின் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ஓசூரின் கார்த்திகை ஈரத்தில் மூன்று வாரம் பிடிக்கும். தருமபுரியில் பத்து நாளில் காய்ந்துவிடும். காம்பை ஒடித்தால் ‘படக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றாத மண்சாடியில் வைத்தால், அடுத்த புரட்டாசியில் புதிய கதிர் வரும் வரைக்கும் நிற்கும். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள்.